பட்டணத்து வீட்டுக்குப் பிசான வாடகை

வயல் இருந்த வரைக்கும் எனக்குக் காலையில் ஒரு உத்தியோகம் இருந்தது. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து வாய்க்கால் கரையைப் பிடித்து நடந்தால், மிஷன் பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் என் மனைவியின் வயலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். பார்த்து நான் ஒன்றும் செய்யப்போவதில்லை. உழுகிறவர் உழுவார், தண்ணீர் பாய்ச்சுகிறவர் பாய்ச்சுவார். நான் செருப்பில் சேறு படாமல் வரப்பில் நின்று, பயிர் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும். மனம் அடங்கிவிடும். அதன் பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போய், கணக்கு வாத்தியார் என்ற ஹோதாவில் வட்டிக் கணக்குப் போட்டுப் பிள்ளைகளைக் கலங்க அடிப்பேன்.

ஜெர்மன் சண்டை வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால் அந்த வயலை விற்று, பட்டணத்தில் ஒரு மெத்தை வீடு வாங்கினோம். யோசனை என் மைத்துனனுடையது. அவன் மெட்ராஸில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. லீவுக்கு வந்தவன், சாப்பிட்டுக் கை கழுவுவதற்கு முன்பே ஆரம்பித்தான்.

“அத்தான், வயல்ல என்ன இருக்கு? மழை பெய்யணும், வாய்க்கால்ல தண்ணி வரணும், எலி திங்காம இருக்கணும். ராயபுரத்துல ஒரு மெத்தை வீடு வெலைக்கு வருது. மேல மூணு குடித்தனம், கீழ மூணு குடித்தனம். வாடகையை எலியா வந்து திங்கப் போகுது?”

“எலி திங்காது. கரையான்?”

“சுவரைக் கரையான் தின்னு எங்க பாத்தீய?”

“உத்தரத்தைத் திங்கும்லா?”

அவன் என்னை விட்டுவிட்டுத் தன் அக்காவைப் பார்த்தான். அதுதான் சரியான திசை. வயல் அவளுக்கு அவள் அப்பா கொடுத்தது. எங்கள் இரண்டு பெண்களுக்கும் என்று இருந்த சொத்து அது ஒன்றுதான். ஆகையால் முடிவு அவளுடையது, பயம் மட்டும் என்னுடையது. எங்கள் வீட்டில் பாகப்பிரிவினை ஆதியிலிருந்தே அப்படி.

அவள் ஒரே கேள்விதான் கேட்டாள். “தண்ணி எங்க எடுக்கணும்?”

“முத்தத்துலயே குழாய் இருக்கு, அக்கா.”

“அப்பம் பேசி முடி.”

வயலைத் தச்சநல்லூர் அரிசி வியாபாரி ஒருவர் வாங்கினார். ஊரெல்லாம் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே. வீட்டுப் பத்திரம் என் மனைவி பேரில் பதிவாயிற்று. மைத்துனன் ஆறு குடித்தனக்காரர்களைப் பிடித்தான். ஆறு பேரும் பிழைக்கப்போன நம் ஜில்லாக்காரர்கள். அவர்களிடம் கையெழுத்து வாங்க ஒரு வாடகைச் சீட்டு எழுதி அனுப்பும்படி எனக்குக் கடிதம் போட்டான்.

எனக்குத் தெரிந்தது வயல் குத்தகைச் சீட்டு ஒன்றுதான். அதை முன்னால் வைத்துக்கொண்டு, ‘வயல்’ என்று வந்த இடத்தில் ‘வீடு’ என்று மாற்றி எழுதினேன். தாமிரபரணித் தண்ணீர் பாயும் ஊரில் வயலுக்கு வருஷம் இரண்டு போகம்: புரட்டாசியில் கார் அறுப்பு, மாசி பங்குனியில் பிசான அறுப்பு. குத்தகையும் அப்போதுதான் வரும். ராயபுரத்து வாடகையையும் அப்படியே கார் அறுப்பில் ஒரு பாதி, பிசான அறுப்பில் ஒரு பாதி என்று எழுதினேன். ராஜீக தெய்வீகத்தால் சேதம் வந்தால், அதாவது ராஜாக்களாலோ ஆண்டவனாலோ கேடு வந்தால், அந்தப் போகத்துக்கு உள்ளதைத் தள்ளிக்கொடுப்பதாகவும் பழைய சீட்டில் இருந்தது. அதையும் விடவில்லை. ஒரு வரியை மட்டும் மாற்ற மறந்துவிட்டேன். அதன்படி ராயபுரத்தில் மெத்தையில் குடியிருந்த மூன்று குடும்பமும் காலாகாலத்தில் வரப்பு வெட்டிக் களை எடுக்கக் கடமைப்பட்டிருந்தன.

மைத்துனனிடமிருந்து பதில் வந்தது. பட்டணத்தில் எல்லா வீட்டுக்காரரும் மாசம் பிறந்தால் கதவைத் தட்டுகிறார்களாம். நம் வீட்டில் வருஷத்துக்கு இரண்டே தட்டு என்று கேள்விப்பட்டு, தெருவே நம் வீட்டுக்குக் குடிவரத் துடிக்கிறதாம். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனால் காலை வேளை கெட்டுப்போயிற்று. கால் பழக்கத்தில் வாய்க்கால் கரைக்குப் போகும். அங்கே அண்ணாச்சியின் பயிர் நிற்கும். என் பயிர் நிற்கிறதா விழுந்ததா என்று பார்க்க வேண்டுமானால் ரயில் ஏறி மறுநாள் இறங்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு வரும் பத்திரிகையில் ‘மெட்ராஸில் பலத்த மழை’ என்று இருந்தால் அன்று என்னிடம் கணக்குப் படித்த பிள்ளைகள் பாக்கியசாலிகள். எது போட்டாலும் சரி என்பேன். கடல் கொந்தளிப்பு என்று வந்தால் சாப்பாடு இறங்காது. ஒரு நாள் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஸ்டேஷனுக்கே போய், பட்டணத்து வண்டியில் இறங்கிய ஒருவரை மறித்துக் கேட்டேன்.

“ராயபுரத்துப் பக்கமெல்லாம் எப்படி இருக்கு?”

அவர் மூட்டையைத் தோள் மாற்றினார். “நான் வண்டி ஏறுத வரைக்கும் இருந்துச்சு, வே. பொறவு தெரியாது.”

அந்த ‘பொறவு தெரியாது’ என்னை ஒரு வாரம் தின்றது.

இப்படியே சண்டை வருஷம் வந்தது. புரட்டாசி பிறந்து, கார் வாடகை வர வேண்டிய சமயம். எம்டன் என்று ஒரு ஜெர்மன் கப்பல் ராத்திரியோடு ராத்திரியாக வந்து மெட்ராஸ் துறைமுகத்தில் குண்டு போட்டது. மண்ணெண்ணெய்த் தொட்டிகள் எரிகின்றன என்று பத்திரிகை சொன்னது. பட்டணமே எரிகிறது என்று பஜார் சொன்னது. நான் பஜாரைத்தான் நம்பினேன். துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில்தானே நம் வீடு! ஜெர்மனியிலிருந்து இத்தனை கடல் தாண்டி ஒருவன் வருகிறான் என்றால், கணக்கு வாத்தியார் வீட்டைக் குறி வைக்காமலா வருவான்?

மைத்துனன் தந்தி கொடுத்திருந்தான். ‘சௌக்கியம்’ என்று ஒரே சொல். சௌக்கியம் யார்? இவனா, வீடா? இன்னும் ஒரு சொல்லுக்குக் காசு கொடுக்க மனம் வராதவன் பேச்சைக் கேட்டா வயலை விற்றோம் என்று நான் உத்தரத்தைப் பார்த்துக் கத்தினேன்.

அண்ணாச்சி வில்வண்டியில் வந்து இறங்கியபோது நான் கட்டிலுக்கு அடியில் இருந்தேன்.

“வாத்தியாரய்யா! எங்கன இருக்கீரு?”

“இங்கன, அண்ணாச்சி. பத்திரப் பெட்டியைத் தேடுதேன்.”

“நான் பயந்துட்டேன் வே. ராயபுரத்துல குண்டு போட்டா பாளையங்கோட்டையில கட்டிலுக்கு அடியில ஒளியுதீரோன்னு.”

வெளியே வந்து ஒட்டடையைத் தட்டிக்கொண்டேன். அவர் நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்து வெற்றிலையைத் துடைத்தார்.

“போனது போச்சு. கலங்காதீரும். அந்த வீட்டை, அது எந்தக் கோலத்துல கெடந்தாலும் சரி, எனக்கு எழுதிக் குடுத்துரும். உம்ம பழைய வயல்ல கீழத்துண்டைத் திருப்பி எழுதித் தாறேன்.”

கீழத்துண்டு என்பது அந்த வயலில் கால் பங்கு. மற்ற முக்கால் குடித்து மிச்சம் வைத்தால்தான் அதற்குத் தண்ணீர். ஆனால் நான் அந்த நிமிஷத்தில் போட்ட கணக்கு மிகச் சுருக்கமானது: பூஜ்யத்தைவிடக் கால் பெரிது. இருபது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன், விடைக்குக் கீழே கோடு கிழித்துவிட்டேன். அண்ணாச்சி ஒரு வெற்றிலையில் அச்சாரமாக ஒரு ரூபாய் வைத்து நீட்டினார். அவர் கை நீளுவதற்கு முன்பே என் கை நீண்டிருந்தது.

என் மனைவி பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். திரும்பியதும் சொன்னேன். வேதப்புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டுப் பைய உட்கார்ந்தாள்.

“இடிஞ்ச வீட்டை அவரு எதுக்குக் கேக்காரு?”

“நல்ல மனுஷன். நம்ம மேல இரக்கம்.”

“இரக்கம் காலே காலுதானா? மீதி முக்காலுக்கு இரக்கம் இல்லையாக்கும்?”

“ஏளா, நாளைக்கு அந்தக் காலும் கிடைக்காது. அவன் திரும்பவும் வந்து சுடுவான்.”

“சுடட்டும். எழுத்து என் பேர்ல இருக்கு. வீட்டைக் கண்ணால பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன். ரெண்டு பொட்டப்பிள்ளைகள வச்சுக்கிட்டு, பஜார்ல எவனோ சொன்னதைக் கேட்டு முக்கால் வயலைத் தூக்கிக் குடுக்கச் சொல்லுதீயளா?”

“அங்கன போனா உசிரு போயிரும்!”

“அப்பம் நீங்க இங்கன இருங்க. பத்திரப் பெட்டி கட்டிலுக்கு அடியில இல்ல. மச்சுல இருக்கு.”

மச்சில் ஏற ஏணியைத் தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் மாட்டு வண்டிகள் வந்து நின்றன. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று. படுக்கைகள், அண்டாக்கள், ஒரு கோழிக்கூடு, அழுகிற பிள்ளைகள், அழாத கிழவிகள். முன் வண்டியிலிருந்து மெலிந்த பெரியவர் ஒருவர் குதித்து இறங்கிக் கும்பிட்டார். விரல் நுனியெல்லாம் கறுப்பு. அச்சாபீஸில் எழுத்துக் கோர்க்கிறவர், நாங்குநேரிக்காரர் என்று பிறகு தெரிந்தது.

“அய்யா, உங்க ராயபுரத்து வீட்டுக் குடித்தனக்காரவுக நாங்கதான். ஆறு குடித்தனமும் வந்திருக்கோம்.”

வயல்காட்டில் கேடு வந்தால் குத்தகைக்காரன் நேரே எங்கே வருவான்? நிலக்காரன் வீட்டுக்குத்தான். நான்தான் அவர்களைக் குத்தகைக்காரர்களாக எழுதிவைத்தவன். என்னத்தைச் சொல்லி வாசலை மறிப்பது? என் மனைவி அதற்குள் உலையில் அரிசியைக் கூட்டிப் போட்டுவிட்டாள்.

“வீடு?” என்று கேட்டேன்.

“பூட்டிட்டு வந்தோம், அய்யா.”

“பூட்டுததுக்கு வீடு இருந்துச்சா?”

“சுட்டதுக்கு மறுநா நாங்க கெளம்புத வரைக்கும் இருந்துச்சு. பொறவு தெரியாது.”

மறுபடியும் அதே ‘பொறவு தெரியாது’!

அவர் தொண்டையைச் செருமினார். “கார் வாடகை விஷயம் ஒண்ணு, அய்யா. சீட்டுல ராஜீகம்னு போட்டிருக்கீய. ஜெர்மன் ராசாவே கப்பல் அனுப்பிச் சுட்டிருக்காரு. இதுக்கு மேல ராஜீகம் நாங்க எங்க போயித் தேட?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். களை எடுக்கிற வரியைப் பற்றி அவர் பேச்செடுக்காமல் இருந்ததே பெரிய தயவு.

இரண்டு நாளில் நாலு குடும்பங்கள் அவரவர் ஊருக்குப் போய்விட்டன. அச்சாபீஸ்காரரும் அவர் சம்சாரமும் தங்கினார்கள்; நாங்குநேரியில் அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லையாம். இட்லி சுட்டு விற்கிற ஒரு விதவை அம்மாளும் தங்கினாள். அவளுக்குப் போக இடமே இல்லை. வாடகை வாங்குவதற்காக வீடு வாங்கியவன் நான். அந்த வீட்டை விட்டுக் குடித்தனக்காரர்கள் என் வீட்டுக்குள் குடிவந்து, என் சட்டியில் இட்லி அவித்து, எனக்கே பரிமாறினார்கள். இட்லி நன்றாகத்தான் இருந்தது. பயத்தில் இரண்டு கூடுதலாகவே தின்றேன்.

இட்லியம்மாளுக்கும் அச்சாபீஸ்காரர் சம்சாரத்துக்கும் ஓயாத சண்டை. எதற்கு? ராயபுரத்துக் குழாய்க்கு.

“திரும்பிப் போனதும் மொதக் கொடம் நான்தான் பிடிப்பேன். மாவு ஆட்டணும்லா?” என்பாள் இட்லியம்மாள்.

“ரெண்டு வருசமா மொதக் கொடம் நீதானே பிடிக்கே? மெத்தையில இருந்து எறங்கி வாறவளுக்குக் காலு இல்லையா?” என்பாள் அச்சாபீஸ்காரர் சம்சாரம்.

நான் சாம்பல் என்று தலை முழுகிய வீட்டில் இவர்களுக்குக் குடத்துக்கு முறை வேண்டியிருந்தது. என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். குழாயில் எத்தனை நாழிகை தண்ணீர் வரும், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், மாடிப்படி ஆடுமா என்று நடுநடுவே ஒவ்வொரு கேள்வி போடுவாள். குண்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

அண்ணாச்சி மறுபடி வந்தார். “பத்திரத்தை எப்பம் எழுதலாம்?”

என் மனைவி உள்வாசலில் வந்து நின்றாள். “பள்ளிக்கூடத்து மைக்கேல்மாஸ் லீவுக்கு நாங்க பட்டணம் போறோம், அண்ணாச்சி. வீட்டைப் பாத்துட்டு வந்து சொல்லுதேன்.”

“வேண்டாம் தாயி! ஊரே இங்க ஓடி வருது, நீங்க அங்க போறீயளா?” என்று பதறியவர், வெற்றிலையை மடித்துக்கொண்டே, “சரி, போக்குவரத்துச் செலவும் உசிரும் மிச்சம். பாதி வயலாத் தாறேன். முடிச்சிருவோமா?” என்றார்.

பாதி என்றதும் என் வாய் திறந்துவிட்டது. ஏற்கெனவே சொன்ன கணக்குத்தான், இப்போது விடை இரட்டிப்பு. என் மனைவி என்னைப் பார்த்தாள். திறந்த வாயைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டேன்.

“காலு பாதியா வளந்திருக்கு. பொறுத்தா என்ன ஆகுதுன்னு பாப்போம்” என்றாள், அவர் வண்டி தெருமுனை திரும்பியதும்.

எங்கள் பெண்கள் இரண்டு பேரையும் இட்லியம்மாளிடம் விட்டுவிட்டு, அச்சாபீஸ்காரர் தம்பதியோடு ரயில் ஏறினோம். தெற்கே வருகிற வண்டிகளில் கூரையில்தான் ஆள் இல்லை. நாங்கள் போன வண்டியில் பெஞ்சுக்கு ஒருவராகப் படுத்துக்கொண்டு போகலாம். எதிர் வண்டி நிற்கிற ஸ்டேஷன்களில் ஜன்னலுக்கு ஜன்னல் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் துக்கமா என்று அனுதாபத்தோடு விசாரித்தார். இனிமேல்தான் தெரியும் என்றேன். என் மனைவி புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து என் கையில் வைத்தாள். சாப்பிடுகிற நேரமாவது பேசாமல் இருப்பேன் என்று.

விழுப்புரம் தாண்டியதிலிருந்து நான் புகை வாசனை பிடித்துக்கொண்டிருந்தேன்.

“எரியுத வாசனை வருதுல்ல?”

அச்சாபீஸ்காரர் வெளியே எட்டிப் பார்த்தார். “நம்ம எஞ்சின்தான், அய்யா. அதுல கரிதான் போடுதாவ.”

ராயபுரத்தில் தெரு திரும்புகிற வரைக்கும் நான் கண்ணைத் திறக்கவில்லை. குதிரை வண்டி நின்றது. மைத்துனன் குரல் கேட்டது: “அத்தான், எறங்குங்க. வீடு ஒண்ணும் கடிக்காது.”

வீடு நின்றது. மைத்துனன் சொன்னதைவிடச் சிறிய வீடு. சுண்ணாம்பு கண்டு பல வருஷம் ஆன வீடு. ஆனால் ஆறு கதவு, ஆறு பூட்டு, முற்றம், முற்றத்தில் குழாய், எல்லாம் இருந்தன. எனக்கு அது போதவில்லை. சுற்றிச் சுற்றி வந்து, பின்சுவரில் என் கை நீளத்துக்கு ஒரு விரிசலைக் கண்டுபிடித்தேன்.

“இதோ! குண்டு அதிர்ச்சி!”

அச்சாபீஸ்காரர் சம்சாரம் கிட்டே வந்து பார்த்தாள். “அதுவா? நாங்க குடி வந்த அன்னைக்கே இருந்துச்சு. நான் அதுலதான் சீப்பு சொருகி வைப்பேன்.”

சீப்பு இன்னும் அதில் இருந்தது.

என் மனைவி இதற்கெல்லாம் காது கொடுக்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மாடிப்படியில் ஏறி, ஒவ்வொரு படியிலும் ஒரு மிதி மிதித்துப் பார்த்தாள். ஒரு குடம் தண்ணீரை முற்றத்தில் கொட்டி, அது எந்த மூலைக்கு ஓடுகிறது என்று குனிந்து நின்றாள். அவள் அப்பா வயலில் அப்படி நின்று நான் பார்த்திருக்கிறேன். இரண்டு மணி நேரத்துக்குள் தெருக்காரர்கள் மூன்று பேர் வந்து, ஏதாவது குடித்தனம் காலியாகுமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறபோது! ஓடியவர்கள் எப்படியும் திரும்பி வருவார்கள், வந்தால் இடத்துக்கு அடிபிடி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தச்சநல்லூரில் மூட்டை மேல் உட்கார்ந்திருந்த அண்ணாச்சிக்கும் தெரிந்திருந்தது.

அவள் குழாயடியில் கால் கழுவிக்கொண்டே சொன்னாள். “நான் எழுதிக் குடுக்க மாட்டேன். அச்சாரத்தைத் திருப்பிருங்க.”

பிறகு அச்சாபீஸ்காரரைக் கூப்பிட்டாள். “இந்தக் கார் வாடகையைத் தள்ளிட்டேன். சீட்டுல இருக்கப்படி ராஜீகம், சரிதான். ஆனா அடுத்த மாசத்துல இருந்து மாசா மாசம் வாடகை. ஆறு பேருக்கும் அதுதான்.”

அவர் முகம் வாடிவிட்டது. “மாசா மாசமா தாயி? காரும் பிசானமும் நல்லாத்தானே இருந்துச்சு?”

“உங்களுக்கு நல்லா இருந்துச்சு.”

மெத்தைக்கு மேலே மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தேன். கடல் பளபளவென்று கிடந்தது. ஒரு மூலையில் புகை தெரிந்தது. எந்தக் கப்பல் என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினேன்.

“அவன் திரும்ப வந்தான்னா என்ன செய்ய?”

“வந்தா வரட்டும். வீட்டுக்கு ஒண்ணுன்னா மண்ணு நம்மளது, திரும்பக் கட்டுவோம். ஆறு குடித்தனமும் பாளையங்கோட்டைக்கு வரும், பத்து நா சோறு போடுவோம். ஊருக்குப் போனதும் ஒரு மூட்டை அரிசி வாங்கிப் போடுங்க. அவ்வளவுதானே?”

ஊர் திரும்பிய மறுநாளே தச்சநல்லூர் போனேன். அண்ணாச்சி அச்சார ரூபாயை வாங்கி, சுண்டிப் பார்த்து, மடியில் போட்டுக்கொண்டார். கோபம் ஒன்றும் இல்லை. வியாபாரத்தில் கேட்டுப் பார்ப்பது வழக்கம். கிடைக்காவிட்டால் அடுத்த ஆள்.

“வீடு நல்லா இருக்காக்கும்?”

“விரிசல் ஒண்ணு இருக்கு, அண்ணாச்சி.”

“இருக்கட்டும் வே. உமக்குப் பயப்பட ஒண்ணு வேணும்லா. வேற என்ன வேணும்?”

“அரிசி.”

“விசேஷமா?”

“இல்ல. எம்டன் திரும்ப வந்தா ஆளு வரும்.”

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் தராசே ஆடியது. பிறகு எழுந்து, புதுக் கார் அரிசியில் ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் போட்டுக் காட்டினார். என் மனைவி ஒரு மூட்டை போதும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். நான் இரண்டாக ஏற்றச் சொன்னேன்.